கேமராவுக்கு முன்னால் ஒரு கயிறு

கேள்வி:

என் அம்மாவுக்கு 76 வயது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறார். சமையல், கோயில், பேப்பர், பேங்க் எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். மூன்று மாதத்துக்கு முன் விடியற்காலையில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. உள்ளே தாழ் போட்டிருந்ததால், மாடியில் குடியிருப்பவர்களுக்குச் சத்தம் கேட்டு, அவர்கள் வந்து கதவை உடைத்துத் தூக்குவதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. நான் புனேயில், அண்ணன் துபாயில். எங்களோடு வந்து இருக்க மறுக்கிறார். அண்ணன் 'ஸ்மார்ட் ஹோம்' கொட்டேஷன் ஒன்று வாங்கியிருக்கிறார்: வீட்டுக்குள் நான்கு கேமரா, எல்லா அறைக்கும் ஸ்மார்ட் பல்பு, கைரேகைப் பூட்டு, பேசும் ஸ்பீக்கர், கேஸ் சென்சார், அதோடு சேர்ந்து தானாக ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேன். மொத்தம் 1,38,000 ரூபாய். அம்மாவோ, "வீட்டுக்குள்ள கேமரா வெச்சா நான் திண்ணையிலதான் படுப்பேன்" என்கிறார். எதை வாங்கலாம், எது வேண்டாம்? கொட்டேஷனை இணைத்திருக்கிறேன்.

– ஒரு வாசகி, புனே

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கொட்டேஷனை இரண்டு முறை படித்தேன். நான்கு பக்கத்தில் 'பாத்ரூம்' என்ற சொல் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, அதுவும் பல்பு எண்ணிக்கையில். அம்மா விழுந்தது அங்கே. அதனால் இந்தக் கொட்டேஷனைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டுப் பாத்ரூமிலிருந்து தொடங்குவோம்.

நான் புதுச்சேரியில் இருபது வருடத்துக்கு மேலாக வீட்டு ஒயரிங் பார்க்கிறேன். இந்த ஆப் வைத்த சாதனங்களையும் ஏழெட்டு வருடமாக மாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அவற்றுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் வயதானவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு யார் கூப்பிட்டாலும் முதலில் பாத்ரூம் கதவைத்தான் திறந்து பார்ப்பேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 65 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு 28 முதல் 35 பேர் ஒவ்வொரு ஆண்டும் விழுகிறார்கள். ஒரு முறை விழுந்தவர் மறுபடி விழ வாய்ப்பு இன்னும் கூடுதல்.

உங்கள் அம்மாவுக்கு நடந்ததில் இரண்டு விஷயம் இருக்கிறது. விழுந்தது ஒன்று. முக்கால் மணி நேரம் கிடந்தது இன்னொன்று. இரண்டாவதற்குக் காரணம் தாழ்ப்பாள். உடைத்த கதவுக்கு மறுபடியும் அதே தாழ்ப்பாளைத்தான் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதைக் கழற்றிவிடுங்கள். உள்ளே திருகினால் பூட்டிக்கொள்ளும், வெளியே ஒரு ரூபாய்க் காசைப் பள்ளத்தில் வைத்துத் திருப்பினால் திறந்துகொள்ளும் பூட்டு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அப்படியே கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்றும் பாருங்கள். உள்பக்கம் திறக்கும் கதவென்றால், விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். பூட்டைத் திறந்தும் பயனில்லை. தச்சரைக் கூப்பிட்டுக் கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்க வையுங்கள். கூடவே பிடிமானக் கம்பி. டவல் மாட்டும் ராடைப் பிடித்துத்தான் எல்லோரும் எழுகிறார்கள். அது டவல் பாரத்துக்குச் செய்தது. எவர்சில்வர் கம்பியை டைல்ஸோடு நிறுத்தாமல் செங்கல் வரை துளைபோட்டு முறுக்கவேண்டும்.

அடுத்தது விளக்கு. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், ஆள் நடமாட்டத்தைக் கண்டு தானே எரியும் சிறு விளக்குகள் இரண்டோ மூன்றோ போதும். மங்கலான மஞ்சள் வெளிச்சமாக இருக்கட்டும். தூக்கக் கண்ணில் வெள்ளை விளக்கு அடித்தால் அதுவே தடுமாற வைக்கும். விலை ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய். நெட் வேண்டாம், ஆப் வேண்டாம்.

இப்போது கயிறு. பெரிய ஆஸ்பத்திரிக் கழிவறைகளில் சிவப்புக் கயிறு ஒன்று தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இழுத்தால் வெளியே மணி அடிக்கும். உங்கள் வீட்டுக்கு முக்கியமாக வேண்டியது அதுதான். பேட்டரியில் ஓடும் கம்பியில்லாக் காலிங் பெல்லில் இழுக்கும் கயிறு வைத்தவையும் உண்டு. பாத்ரூமில் ஒன்று, கட்டில் பக்கத்தில் அழுத்தும் பட்டனாக ஒன்று. மணி அடிக்கும் பெட்டி மாடி வீட்டுக்காரர் ஹாலில் இருக்கவேண்டும், முடிந்தால் எதிர்வீட்டிலும் ஒன்று. கயிறு நைலானாக இருக்கட்டும், தரைக்கு ஒரு சாண் மேலே வரை தொங்கட்டும். விழுந்தவர் தரையில் இருப்பார். சுவிட்ச் போர்டு உயரத்தில் பட்டன் வைத்தால் எட்டாது. இன்னொன்று: வீடு துடைக்க வரும் அம்மா ஒரு வாரத்தில் அந்தக் கயிற்றைச் சுருட்டி மேலே முடிச்சுப் போட்டுவிடுவார். நான் மாட்டிய பாதி வீடுகளில் நடந்தது. அவருக்கும் சொல்லி வையுங்கள். பெட்டியில் நூறு மீட்டர் போகும் என்று எழுதியிருப்பார்கள். அது வெட்டவெளிக் கணக்கு. கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்குக் கேட்கிறதா என்று அடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இந்தப் பழைய சாதனத்தை முன்னால் வைப்பதற்குக் காரணம் நம் ஊரின் வானம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது, மாவட்டத்தின் பல பகுதிகளில் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் வந்ததில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அதற்கடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கிக் கடலூர்ப் பக்கம் ஊருக்குள் புகுந்தது. ஐப்பசி கார்த்திகையில் நெட்டும் கரண்டும் சேர்ந்து போகும் ஊர் இது. அந்த நேரத்தில்தான் தனியாக இருக்கும் ஆளுக்கு உதவி அதிகம் தேவை. பேட்டரி மணி அன்றைக்கும் அடிக்கும்.

அதற்காக நெட்டில் ஓடும் எதுவுமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கேமரா இல்லாமலே அம்மா நலமாக இருக்கிறாரா என்று நீங்கள் புனேயிலிருந்து தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வழி. அம்மாவின் காலையை நினைத்துப் பாருங்கள். ஐந்தரைக்கு வாசல் கதவைத் திறந்து பால் பாக்கெட்டை எடுக்கிறார். அடுக்களைக்குப் போகிறார். டிகாக்ஷன் இறங்குகிறது. வாசல் கதவில் தீப்பெட்டி அளவு சென்சார் ஒன்று, கதவு திறந்தால் அதற்குத் தெரியும். அடுக்களையில் நடமாட்டம் காட்டும் சென்சார் ஒன்று. இரண்டும் படம் எடுக்காது, பேச்சைக் கேட்காது. காலை ஏழு மணிக்குள் இரண்டில் ஏதாவது ஒன்று அசையவில்லை என்றால் மட்டும் உங்கள் போனுக்கும் மாடி வீட்டுக்கும் ஒரு செய்தி போகும். மற்ற நாளெல்லாம் மௌனம். இதை அம்மாவிடம் இப்படியே சொல்லுங்கள்: "உங்க முகம் எங்களுக்குத் தெரியாது, நீங்க காபி போட்டாச்சுன்னு மட்டும் தெரியும்." ஒத்துக்கொள்வார் என்றுதான் தோன்றுகிறது. பள்ளிக்கூடத்தில் காலையில் ஆஜர் எடுத்தவர்தானே.

முதல் மாதம் பொய் எச்சரிக்கைகள் வரும். மார்கழியில் நாலரை மணிக்கே பாடலீஸ்வரர் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார், அடுக்களையில் அசைவு இருக்காது. ஊருக்குப் போகும் நாளில் அவரே அழுத்திவிட்டுப் போக ஒரு பட்டன் வைக்கலாம். அந்த முதல் மாதத்தில் ஒவ்வொரு செய்திக்கும் பதறிப் போன் போட்டு அவரை நச்சரிக்காதீர்கள். நச்சரித்தால் சென்சாரைப் பிடுங்கிச் சாமி அலமாரியில் வைத்துவிடுவார், ஆச்சரியமில்லை.

இந்த சென்சார்களையும், அவற்றிடமிருந்து தகவல் வாங்கும் நடுப்பெட்டியையும் வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "நெட் போனால் வீட்டுக்குள் இது வேலை செய்யுமா?" ஜிக்பீ, த்ரெட் என்ற கம்பியில்லாத் தொடர்பு வகைகளில் சென்சாரும் பெட்டியும் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும். பெட்டியும் முடிவைத் தானே எடுக்கும் வகையாக இருந்தால், நெட் இல்லாவிட்டாலும் மாடியில் மணி அடிக்க வைக்கலாம். மேட்டர் என்ற பொதுத் தரம் 2022 அக்டோபரில் வந்தது. அந்தக் குறி உள்ளதாக வாங்கினால், நாளைக்கு ஒரு கம்பெனி கடையை மூடினாலும் வேறு கம்பெனிப் பெட்டியோடு சேர்க்க வழியிருக்கும். ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் இன்வெர்ட்டர் லைனில் போடச் சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் ஃபேனுக்கும் லைட்டுக்கும் இன்வெர்ட்டர் இருக்கும், ரவுட்டர் மட்டும் டி.வி. பிளக்கில் செத்துக் கிடக்கும். இன்வெர்ட்டர் பேட்டரியையும் தரையில் வைக்காமல் ஸ்டாண்டு போட்டு உயர்த்துங்கள். எதற்கென்று கடலூர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி கொட்டேஷன்.

ஸ்மார்ட் பல்பை முழுக்க அடித்துவிடுங்கள். அறையை விட்டு வெளியே வரும்போது சுவிட்சை அணைப்பது உங்கள் அம்மாவுக்கு அறுபது வருடப் பழக்கம். சுவரில் சுவிட்சை அணைத்த நொடியே ஸ்மார்ட் பல்பு செத்துவிடும்; அப்புறம் ஆப்பில் தட்டினாலும் எரியாது. பழக்கத்தை மாற்றச் சொல்லிச் சண்டை வரும். ஆப்பில் ஓடியே ஆகவேண்டும் என்றால், இருக்கிற சுவிட்சுக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் சிறு பெட்டி வகையை, ஹால் விளக்குக்கும் வாசல் விளக்குக்கும் மட்டும் போடலாம். சுவிட்சும் வழக்கம்போல் வேலை செய்யும், போனிலும் செய்யும். ஆனால் அந்தக் காலத்து ஒயரிங்கில் சுவிட்ச் பாக்ஸுக்கு நியூட்ரல் கம்பி வந்திருக்காது. நியூட்ரல் இல்லாமலே ஓடும் வகை இருக்கிறது. அதைப் போட்டால் சில எல்.இ.டி. அணைத்த பிறகும் பேய் மாதிரி மினுக்கும். ஒயர்மேன் பாக்ஸைத் திறந்து பார்க்காமல் யாரும் விலை சொல்லக்கூடாது. உங்களுக்குக் கொட்டேஷன் கொடுத்தவர் வீட்டைப் பார்த்தாரா, போனில் அறைகளை எண்ணினாரா?

பாக்ஸைத் திறக்கும்போது அப்படியே மெயின் போர்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கடற்கரை ஊர், உப்புக்காற்று. செம்புக் கம்பி நுனியில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். எர்த் குழியை எத்தனை வருடமாக யாரும் தொட்டிருக்கமாட்டார்களோ. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவைக் கண்டு தானே அணையும் பாதுகாப்பு சுவிட்ச், இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வேறு எதையும் வாங்குவதற்கு முன் அதைப் போடுங்கள். கீசரில் கசிவு இருந்து ஈரக்கையோடு தொட்டால், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மெயினை அறுத்துவிடும். வீட்டில் இருக்கும் சாதனங்களிலேயே மிகப் புத்திசாலி அதுதான் என்பேன், ஆப் மட்டும் கிடையாது. அதில் 'T' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்தினால் டிரிப் ஆகவேண்டும். ஆகவில்லை என்றால் மாற்றவேண்டும்.

கேஸ் சென்சார் நல்லது, வாங்குங்கள். ஆனால் கொட்டேஷனில் 'சீலிங் மவுன்ட்' என்று எழுதியிருக்கிறார்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படரும். சென்சார் தரைக்கு ஓரடி மேலே, சிலிண்டர் பக்கம் இருக்கவேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு என்றால்தான் மேலே. இதைவிட எனக்குப் பயம் தருவது, கேஸ் கசிந்ததும் எக்ஸாஸ்ட் ஃபேன் தானாக ஓடும் என்பது. கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதே, ஜன்னலைத் திற, ரெகுலேட்டரை மூடு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொடுக்கிறோம். பொறி பறக்கும் என்பதற்காக. அதே பொறியைத் தானாகக் கிளப்பும் ஏற்பாட்டுக்கு 11,500 ரூபாய் போட்டிருக்கிறார்கள். அந்த வரியை அடித்துவிட்டு, சென்சாரின் சத்தம் மட்டும் போதும் என்று சொல்லுங்கள்.

கைரேகைப் பூட்டு வேண்டாம். ரேஷன் கடையில் வயதானவர்கள் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்து, ரேகை விழாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்புக் கட்டி பிடித்துத் தேய்ந்த விரல், அதிலும் வலது கை மாவுக்கட்டுப் போட்டிருந்த கை. அதைவிடப் பெரிய விஷயம், ராத்திரி உள்ளே தாழ்ப்பாளும் போடுவார். தாழ் விழுந்த கதவுக்கு வெளியே எத்தனை ஆயிரம் ரூபாய்ப் பூட்டு இருந்தாலும் ஒன்றுதான். மாற்றுச் சாவி ஒன்று மாடி வீட்டில் இருக்கட்டும். தாழ்ப்பாளுக்குப் பதில், உள்ளே திருகி வெளியே சாவியால் திறக்கும் பூட்டு ஒன்றை வாசல் கதவுக்குப் போடுங்கள். அம்மா அதை நம்ப ஒரு வாரம் ஆகும்.

ஸ்பீக்கர் அண்ணனின் ஆசை என்றால் வாங்கட்டும், பாட்டுக் கேட்கலாம். ஆபத்தில் கூப்பிட அதை நம்பக்கூடாது. ஆங்கிலமும் இந்தியும் கேட்டு வளர்ந்தது அது, வலியில் முனகும் கடலூர்த் தமிழ் அதற்குப் புரியாது. நெட் போனால் ஊமை. கைக்கடிகாரம் பற்றியும் கேட்பீர்கள். விழுந்தால் கண்டுபிடிக்கும் கடிகாரங்கள் நிஜமாகவே வேலை செய்கின்றன. ஆனால் அடிக்கடி சார்ஜ் போடவேண்டும், பலவற்றுக்குப் போனும் பக்கத்தில் இருக்கவேண்டும், குளிக்கப் போகும்போது கழற்றி வைத்துவிடுவார்கள். விழுவதோ அங்கே.

கேமரா. உங்கள் அண்ணனின் கவலை எனக்குப் புரிகிறது, தூரத்தில் இருப்பவருக்குப் பார்த்தால்தான் மனது ஆறும். ஆனால் அது அம்மாவின் வீடு. அவர் புடவை மாற்றுவதும் தரையில் படுத்துக் காலை நீட்டுவதும் யார் போனிலோ ஓடும் என்றால், அவர் வீட்டில் அவரே விருந்தாளி. வாசலுக்கு வெளியே ஒன்று வைக்கலாம், யார் வந்தார்கள் என்று அம்மா உள்ளிருந்தே பார்க்கும்படி. அந்தப் படம் முதலில் அம்மாவின் போனுக்குத்தான் வரவேண்டும். பாஸ்வேர்டைப் பெட்டியோடு வந்தபடியே விடாதீர்கள். 2016-இல் மிராய் என்ற வைரஸ், உலகம் முழுக்க மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளாலேயே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துக்கொண்டது. நம் ஊர்க் கதை வேறு மாதிரி: லாஸ்பேட்டையில் ஒரு வீட்டில் ரிப்பேருக்குப் போனேன். மாட்டிக்கொடுத்த பையன் தன் போன் நம்பரிலேயே கணக்குத் தொடங்கியிருக்கிறான், வேலையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது, அந்த வீட்டு ஹால் இன்னும் அவன் போனில் ஓடிக்கொண்டிருந்தது. கெட்ட எண்ணம் இல்லை, மறந்துவிட்டான். கணக்கு அம்மா பெயரில், அம்மா நம்பரில் தொடங்கவேண்டும். வேலை முடிந்ததும் வேறு யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்து நீக்கவேண்டும்.

இன்னும் ஒன்றைப் பேசவில்லை. மணி அடித்தால், செய்தி வந்தால், எழுந்து போகப்போவது யார்? முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டுக்கு நான் மாட்டிய எல்லா எச்சரிக்கையும் கனடாவில் இருக்கும் மகனின் போனுக்கு மட்டும் போனது. இங்கே காலை பத்து மணி, அங்கே நள்ளிரவு. அவர் தூங்கி எழுந்து பார்க்கும்போது இங்கே பொழுது சாய்ந்திருந்தது. பெரியவர் நல்லவேளையாக நாற்காலியிலிருந்து எழ முடியாமல் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். தப்பு என்னுடையது, அவர் சொன்ன நம்பரை அப்படியே போட்டேன். அதற்குப் பிறகு, ஐந்து நிமிடத்தில் நடந்து வரக்கூடிய ஒருவரின் நம்பர் முதலில் இல்லாமல் நான் வேலையை முடிப்பதில்லை.

உங்கள் விஷயத்தில் அது மாடி வீட்டுக்காரர். அவர்களிடம் நேரில் போய்க் கேளுங்கள், போனில் வேண்டாம். வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ள அம்மா சம்மதித்தால் அதுவும் செய்யலாம். 1,38,000 ரூபாயை வைத்து எத்தனை வருடம் குறைக்கலாம் என்று அண்ணனே கணக்குப் போடட்டும். பொங்கலுக்கு அவர்கள் ஊருக்குப் போனால் எதிர்வீடு. ஃப்ரிட்ஜ் கதவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: மாடி வீடு, எதிர்வீடு, ஆம்புலன்ஸ் 108, அவசரத்துக்கு 112. முதியோருக்கான 14567 உதவி எண்ணையும் சேர்த்துக்கொள்ளலாம். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை பேசுவார்கள், பென்ஷன், மருத்துவம், மனக்கஷ்டம் எதற்கும். அது ஆம்புலன்ஸ் இல்லை என்பதை மட்டும் அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள்.

செலவு என்று பார்த்தால், பூட்டு, கம்பி, விளக்கு, மணி, ஆர்.சி.சி.பி., இரண்டு சென்சார், அதன் பெட்டி, கேஸ் சென்சார், ஒயர்மேன் தச்சர் கூலி எல்லாம் சேர்த்து, கொட்டேஷனில் நாலில் ஒரு பங்குக்குள் முடியவேண்டும். ஒயரிங் ரொம்பக் கெட்டிருந்தால் கூடும். அது தவிர்க்கக்கூடாத செலவு. மழைக்கு முன்னால், புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள்.

வேலை நடக்கும்போது நீங்கள் கடலூரில் இருங்கள். கயிறு கட்டி முடித்ததும், ஒயர்மேன் கிளம்புவதற்கு முன், வலது கையை ஒரு துண்டால் உடம்போடு கட்டிக்கொண்டு பாத்ரூம் தரையில் படுத்துப் பாருங்கள். கம்மோடு பக்கம் ஒரு முறை, கதவுப் பக்கம் ஒரு முறை, ஷவருக்குக் கீழே ஒரு முறை. மூன்று இடத்திலிருந்தும் இடது கைக்குக் கயிறு எட்டவேண்டும், மாடியில் மணி கேட்கவேண்டும். எட்டவில்லை என்றால் இன்னொரு கயிறு போடச் சொல்லுங்கள்.